'ரிப்போட் நார்மல்' என்றால் பழி யாருக்கு?

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் தாண்டினால் போதும், லயத்துப் பக்கம் கேள்வி ஆரம்பித்துவிடும். "இன்னும் ஒண்ணும் இல்லையா புள்ள?" மாமியார் மட்டுமா கேட்கிறார்? பீலிக்கரையில் கேட்பார்கள், மடுவத்தில் கொழுந்து நிறுக்க நிற்கும்போது கேட்பார்கள், மாசி மகத் தேருக்கு வந்த தூரத்துச் சொந்தம் முத்துமாரியம்மன் கோயில் வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்கும். எத்தனை பேர் கேட்டாலும் கேள்வி போவது பொண்ணுக்குத்தான். மாப்பிள்ளையைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டு நாங்கள் கண்டதில்லை.

அப்புறம் நேர்த்தி, விரதம், தாயத்து, மரத்தில் தொட்டில். அதுவும் பலிக்காவிட்டால் கிளினிக். அங்கேயும் வரிசை மாறாது. முதலில் அவளுடைய இரத்தம், அடுத்து அவளுடைய ஸ்கேன், பிறகு குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அந்த வலிக்கிற பரிசோதனை. இவ்வளவும் முடிந்த பிறகு, பல மாதம் கெஞ்சிக் கேட்டு, ஒரு நாள் அவர் போய் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்துவிட்டு வருவார். ரிப்போட் வரும். "எனக்கு ஒரு கொறையும் இல்ல. கவுண்ட் நார்மல்." சாதாரண தரப் பெறுபேறு மாதிரி அந்தத் தாள் வீட்டில் பத்திரமாக இருக்கும். அன்றைக்கே வழக்கும் முடிந்துவிடும், தீர்ப்பு அவளுக்கு எதிராக.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: அந்தத் தாள் யாரையும் விடுதலை செய்யவில்லை. அது எண்ணுகிறது, அளக்கிறது, அவ்வளவுதான். விந்தணு தன் கடைசி வேலையைச் செய்யுமா என்று அது பார்ப்பதே இல்லை. அந்தக் கடைசி வேலை நடப்பதற்கு விந்தணுவின் வாலில் உள்ள ஒரு நுண்ணிய கதவு திறக்க வேண்டும். கல்சியம் உள்ளே வருகிற கதவு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. (எங்கள் பாடப்புத்தகம் இதை 'விந்து' என்றே சொல்லும். பேச்சில் அந்தச் சொல் வேறு அர்த்தத்திலும் வருவதால் நாங்கள் விந்தணு என்றே எழுதுகிறோம். அந்தப் பாடம் வந்தபோது "இதை நீங்களே வாசிச்சுக்கோங்க" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டியவர்களிடம் படித்த ஆட்கள் நாங்கள். இது கொஞ்சம் கடன் தீர்ப்பதும்தான்.)

முதலில் அந்தத் தாளையே எடுப்போம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின் 6ஆம் பதிப்புப்படி, ஒரு மில்லிலீற்றரில் 16 மில்லியன் விந்தணு, அவற்றில் 42 சதவீதம் அசைய வேண்டும், 30 சதவீதம் முன்னோக்கிப் போக வேண்டும், 4 சதவீதம் சரியான வடிவத்தில் இருக்க வேண்டும். இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் பாதிப் பேர் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை எடுத்து, அவர்களில் ஆகக் கீழே உள்ள 5 சதவீதம் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் போட்ட கோடு அது. கோட்டுக்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் இருக்கிறார்கள். கோட்டுக்கு மேலே இருப்பது உத்தரவாதம் இல்லை. அதைப் பாஸ், பெயில் புள்ளியாக மாற்றியது நாங்கள்தான்.

இனிக் கதவுக்கு வருவோம்.

1951இலேயே ஒரு விசயம் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் எம். சி. சாங், அவுஸ்திரேலியாவில் கொலின் ஒஸ்டின், இரண்டு பேரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். வெளியே வந்த விந்தணு உடனே முட்டையோடு சேர முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட வேண்டும். பின்னால் யானகிமாச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானி வெள்ளெலி விந்தணுக்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, பக்குவப்பட்டவை நீந்தும் விதமே மாறியிருந்தது. அதுவரை வால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஆடும், நேராகப் போகும். பக்குவமான பிறகு ஒரு பக்கம் பலமாக வளைந்து, சாட்டை சொடுக்குவது மாதிரி அடிக்கும். வேகம் கூடுவதைவிட இங்கே முக்கியமானது விசை. பலோப்பியன் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டால் பிய்த்துக்கொண்டு வரவும், முட்டையைச் சுற்றியுள்ள தடித்த உறையைத் துளைத்துக்கொண்டு போகவும் அந்தச் சாட்டையடி தேவை.

அந்த மாற்றத்துக்குக் கல்சியம் வேண்டும் என்பதும் தெரியும். விந்தணுவின் உள்ளே இருக்கிற கல்சியம் அயனைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வெளியே இருக்கிறது. அணைக்கட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிற்பது போல. கதவைக் கொஞ்சம் திறந்தால் போதும், பாய்ந்து வரும். ஆனால் எந்தக் கதவு? பல வருஷம் ஆளுக்கொரு கதவைச் சொன்னார்கள்.

2001இல் பொஸ்டனில் டேவிட் கிளாப்பமின் ஆய்வுகூடத்தில் டெஜியன் ரென்னும் மற்றவர்களும் அதைக் கண்டுபிடித்து 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். பெயர் கேட்ஸ்பர். கற்றயன், விந்தணு என்ற இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டிய பெயர். அவர்கள் அந்தப் பரம்பரையலகை நீக்கிய எலிகளை வளர்த்தார்கள். இங்கேதான் எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆண் எலிகள் எல்லா விதத்திலும் நல்லாயிருந்தன. சாதாரணமாகச் சேர்ந்தன. விந்தணு எண்ணிக்கையிலும் குறை இல்லை. ஆனால் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. அதே பரம்பரையலகு இல்லாத பெண் எலிகளோ வழமைபோலக் குட்டி போட்டன. அந்த ஆண் எலியின் விந்தணுவை, உறையைக் கழற்றிய முட்டையோடு சேர்த்தால் கருக்கட்டியது. உறையோடு இருந்தால் முடியவில்லை. ஆக, பொருள் நல்ல பொருள்தான். வாசல்வரைக்கும் வந்தும் உள்ளே போகிற பலம்தான் இல்லை.

கேட்ஸ்பர் ஒரே ஒரு புரதம் இல்லை. நாலு வெவ்வேறு புரதங்கள் சேர்ந்து நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன. அவற்றைச் சுற்றி இன்னும் பல துணைப் புரதங்கள். வாலின் நீளத்துக்கு நாலு கோடுகளாக இவை வரிசை கட்டி நிற்கும். இவ்வளவு பேரில் ஒரு முக்கியமான ஆள் வராவிட்டாலும் கதவே அமையாது. விந்தணுவைத் தவிர உடலில் வேறெந்தக் கலத்துக்கும் இந்தக் கதவு தேவைப்படுவதில்லை. அதனால்தான் கேட்ஸ்பர் இல்லாத ஆணுக்கு இதயம், தசை, ஆசை, தாடி எதிலும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

கதவை யார் திறக்கிறார்கள்? 2011 மார்ச்சில் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் பதில் சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பொலினா லிஷ்கோவும் யூரி கிரிச்சொக்கும், ஜெர்மனியின் பொன் நகரில் திமோ ஸ்ட்ருங்கரும் பெஞ்சமின் காப்பும். மனித விந்தணுவில் அந்தக் கதவைத் திறக்கிற சாவிகளில் ஒன்று புரொஜெஸ்தரோன். முட்டையைச் சுற்றியிருக்கும் கலங்கள் சுரக்கிற ஓமோன். அதாவது கடைசிக் கட்டத்தில் பெண்ணின் உடல் சைகை கொடுக்கிறது, ஆணின் கலம் அதைக் கேட்டுக் கதவைத் திறக்கிறது. இருவரும் செய்கிற வேலை இது. இதில் 'கோளாறு யாரிடம்' என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது எவ்வளவு அபத்தம் என்று உயிரியலே சொல்லுகிறது.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கிறதா? நடக்கிறது. 2003இல் பிரான்சில் மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதினார்கள். பிள்ளை இல்லை, காதும் சரியாகக் கேட்காது. கேட்ஸ்பரின் ஒரு பரம்பரையலகும் காதுக்கு வேண்டிய இன்னொரு பரம்பரையலகும் 15ஆவது நிறமூர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்தே தொலைந்திருந்தன. 2009இல் ஈரானில் இரண்டு குடும்பங்கள், சொந்தத்துக்குள் திருமணம் செய்தவர்கள். இந்தக் குறை வருவதற்குத் தாய் வழியில் ஒன்றும் தகப்பன் வழியில் ஒன்றுமாக இரண்டு பிரதிகளும் பழுதாக இருக்க வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொள்கிற வழக்கம் நம்மிடமும் உண்டு. அதற்காக யாரும் பயந்து சாக வேண்டியதில்லை. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானோருக்குப் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். வைத்தியர் "ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அது போதும்.

2024இல் வந்த ஜெர்மன் ஆய்வுதான் எங்களை இதை எழுத உட்கார வைத்தது. மியூன்ஸ்டர் நகரில் ஸ்ட்ருங்கரும் மற்றவர்களும் 2000க்கு மேற்பட்ட ஆண்களின் விந்தணுக்களைப் பரிசோதித்தார்கள். அசைவைப் பார்த்தே கேட்ஸ்பர் வேலை செய்கிறதா என்று சொல்லக்கூடிய ஓர் எளிய சோதனையையும் உருவாக்கினார்கள். கேட்ஸ்பர் வேலை செய்யாத ஆண்கள் கிடைத்தார்கள். மிகக் குறைந்த பேர்தான், ஆனால் அவர்களில் ரிப்போட் முழுக்க 'நார்மல்' என்று வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இயற்கையாகப் பிள்ளை கிடைக்காது. விந்தணுவைக் கழுவிக் கருப்பைக்குள் விடுகிற முறையிலும் கிடைக்காது. முட்டையையும் விந்தணுவையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து விடுகிற சோதனைக்குழாய் முறையும் தோற்றுப்போகும். ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்துகிற முறைதான் பலன் கொடுக்கும், ஏனென்றால் அங்கே துளைக்கிற வேலையை ஊசி செய்துவிடுகிறது.

இதைப் பணத்தில் யோசித்துப் பாருங்கள். ரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ ஒரு தோட்டத்துத் தம்பதி. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று முடிவானது. அதுவும் பேர் போட்ட நாளுக்கு மட்டும். சோதனைக்குழாய் முறைக்குப் போனால் இலட்சக்கணக்கில் வேண்டும். நகையை அடகு வைத்து, சீட்டு எடுத்து, ஒரு முறை செய்து பார்த்துத் தோற்ற பிறகு, "அவ வயித்துல தங்கல" என்று வீட்டில் முடிவு சொல்லிவிடுவார்கள். உண்மையில் கரு உருவாகவே இல்லை, தங்குவதற்கு. 'தங்கல' என்ற ஒரு சொல்லில் பழி இடம் மாறிவிடுகிறது. அவர்கள் ஏழெட்டு வருஷம் இப்படி அலைகிறார்கள். சில இடங்களில் அதற்குள் அவருக்கு இரண்டாவது கல்யாணப் பேச்சும் வந்துவிடும்.

"சரி, அந்தச் சோதனை மாத்தளையில் இருக்கா?" என்று கேட்பீர்கள். அது சாதாரண கிளினிக்கில் செய்கிற சோதனை இல்லை. பிறகு ஏன் இவ்வளவு நீட்டி எழுத வேண்டும்? கேட்ஸ்பர் ஒரு சாட்சி, அதற்காகத்தான். 'காரணம் தெரியவில்லை' என்று வைத்தியர் எழுதினால், அது வைத்தியத்தின் எல்லையைச் சொல்கிற வாசகம். 2001க்கு முன்னால் உலகத்தில் எந்த வைத்தியராலும் இந்தக் காரணத்தைச் சொல்லியிருக்க முடியாது. அதுவரைக்கும் இப்படிப்பட்ட ஆண்களின் மனைவிமார் எத்தனை பேர் மலடி என்று பெயர் வாங்கிச் செத்திருப்பார்கள்! இன்னும் பெயர் வைக்கப்படாத எத்தனை கதவுகள் இருக்கின்றனவோ. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ, ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. ஆனால் பட்டம் முழுக்க ஒரு பக்கத்துக்கு.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியபோது இதே சண்டை வந்தது. காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தும் ஊர் அவர்களைப் பிள்ளை இல்லாத ஒரு காரணத்துக்காக அரிக்கிறது. 2010இல் வந்த நாவல், 2014 கடைசியில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது, 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெளியே நடந்த சண்டை பண்பாட்டைப் பற்றி. எங்களுக்குள் நடந்ததோ வேறு. குறை யாரிடம் என்று அந்தக் காலத்தில் கண்டுபிடிக்க வழியே இல்லை, பிறகு எப்படி எல்லாரும் பொன்னாவையே பார்த்தார்கள்? ஒரு தோழி கேட்ட கேள்வி அது. நுணுக்குக்காட்டி வந்த பிறகும் பார்வை மாறவில்லையே என்பதுதான் எங்கள் பதில்.

அதற்காகப் பழியைத் தூக்கி ஆண் தலையில் போடச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாகத்தான் முடியும். ஏற்கனவே பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் 'ஆண்மைக் குறைவா?' என்று நோட்டீஸ், பேஸ்புக்கைத் திறந்தால் லேகிய விளம்பரம். ஆண்மை வேறு, பிள்ளை பெறும் திறன் வேறு. கேட்ஸ்பர் இல்லாத ஆணுக்கு முதலாவதில் ஒரு குறையும் இல்லை என்று மேலே சொன்னோம். ஆனால் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டபடியால்தான் ஆம்பளைகள் அந்தக் குப்பியைப் பார்த்தே பயந்து ஓடுகிறார்கள். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா" என்ற ஒரு வசனம் இருக்கும்வரைக்கும் எவனும் நேரத்தோடு பரிசோதனைக்குப் போக மாட்டான். அந்த வசனத்தை நாங்களும் கூட்டாளிகளுக்குள் பகிடியாகச் சொல்கிறோம், அதையும் நிறுத்த வேண்டும்.

கல்சியம் என்றதும் இன்னொரு ஆபத்து உண்டு. நாளைக்கே யாராவது கல்சியம் குளிசையை வாங்கி விழுங்கத் தொடங்கலாம். வேண்டாம். இரத்தத்தில் கல்சியம் போதியளவு இருக்கிறது, உடல் அதைக் கவனமாக ஒரே அளவில் வைத்திருக்கும். பிரச்சினை கதவில். அதேபோல, பிரஷருக்குக் கொடுக்கிற நிபெடிபின் மாதிரியான மருந்துகள் வேறு வகைக் கல்சியம் கதவுகளை அடைப்பவை. 1990களில் அமெரிக்காவில் அந்த மருந்தை எடுத்த சில ஆண்களின் விந்தணு முட்டையோடு சேர முடியாமல் இருந்ததையும், மருந்தை மாற்றிய பிறகு சரியானதையும் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று அர்த்தம் இல்லை. பிள்ளைக்காக முயற்சி செய்யும் ஒருவர் அந்த மருந்தில் இருந்தால் வைத்தியரிடம் சொல்லலாம். தானாக நிறுத்தினால் பக்கவாதத்தில் போய் முடியும்.

பூச்சிமருந்துக் கதை இதைவிடப் பெரியது. 2014இல் டென்மார்க், ஜெர்மன் ஆய்வாளர்கள் அன்றாடப் பொருட்களில் உள்ள 96 இரசாயனங்களை மனித விந்தணுவில் சோதித்தார்கள். சண்கிரீமில் உள்ளவை, பற்பசையில் சேர்த்த ட்ரைக்ளோசான் போன்றவை. ஏறத்தாழ மூன்றில் ஒன்று கேட்ஸ்பர் கதவை நேரம் காலம் இல்லாமல் திறந்துவிட்டது. இது ஆய்வுகூடத் தட்டில் நடந்தது, வீட்டில் அப்படியே நடக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் நிரூபணத்துக்காகக் காத்திருந்து என்ன ஆகும் என்பதற்கு வேறொரு வரலாறு உண்டு. டிபிசிபி என்ற புழுக்கொல்லி எலிகளின் விரையைச் சுருங்கச் செய்கிறது என்று 1961இலேயே எழுதிவிட்டார்கள். 1977இல்தான் கலிபோர்னியாவில் லத்ரொப் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குப் பிள்ளை இல்லை என்று தாங்களே பேசிப் பார்த்து, பரிசோதனை கேட்டார்கள். பலரிடம் விந்தணுவே இல்லை. 1979இல் அமெரிக்கா அங்கே பெரும்பாலான பாவனையை நிறுத்தியது. அதே மருந்தால் கொஸ்தாரிக்காவின் வாழைத்தோட்டங்களில் ஆயிரக்கணக்கான ஆண்கள் பிள்ளைப் பாக்கியம் இழந்தார்கள். அது கதவைக் கெடுக்கிற மருந்து இல்லை, உற்பத்தியையே அழிப்பது. ஆனாலும் தோட்டத் தொழிலாளி, முதுகில் டேங்க், பிள்ளை இல்லாத வீடு என்ற படம் நமக்கு அந்நியமா? தேயிலை மலையில் மருந்தடிப்பது பெரும்பாலும் ஆண்கள். தம்புள்ளை, கலேவெல பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலும் அப்படித்தான். கையுறை, முகமூடி இல்லாமல் அடிப்பதை நாங்கள் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அந்த வீட்டில் பிள்ளை இல்லையென்றால் மருந்தடிக்கிறவரை யாராவது பரிசோதிக்கிறார்களா?

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. ஒரு தம்பதி முதல் தடவை போகும்போதே இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பரிசோதனை. ஆணுக்குரியது ஊசி இல்லாதது, வலி இல்லாதது, இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து ஒரு குப்பி கொடுத்தால் முடிந்தது. குறை தெரிந்தால் இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி ஒருமுறை, ஏனென்றால் ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம்போல எடுக்கும். குடும்பநல மாது லயத்துக்கு வருவது பகலில், அந்த நேரம் ஆம்பளைகள் வேலையில் இருப்பார்கள். ஆகவே விளக்கம் எல்லாம் பெண்ணுக்கே போகிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்களைக் கூப்பிட்டுப் பேசினால் என்ன? பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிற நாட்டில் இது முடியாத காரியம் இல்லை.

கடைசியாக ஒன்று. கேட்ஸ்பர் கதவை மூடிவிட்டால் அதுவே ஆணுக்கான கருத்தடை மருந்தாகலாம் என்று 2001இல் இருந்தே பேசுகிறார்கள். ஓமோனைத் தொடாமல், தேவையான காலத்துக்கு மட்டும். ஆய்வுகூடங்களில் அடைப்பான்கள் உண்டு, குளிசையாக இன்னும் எதுவும் வரவில்லை. இந்த நாட்டில் பெண்களுக்கு நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை அதிகம் நடந்தது தோட்டப்புறத்தில் என்பதைத் தேசியக் கணக்கெடுப்புகளே காட்டுகின்றன. ஆண்கள் செய்துகொள்வது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. பிள்ளை வேண்டுமென்றாலும் அவள் உடம்பு, வேண்டாமென்றாலும் அவள் உடம்பு. அந்தக் குளிசை ஒரு நாள் மாத்தளைக் கடைத்தெரு பாமசிக்கு வந்தால் எங்கள் கூட்டாளிகளில் எத்தனை பேர் போய் வாங்குவோம் என்று போன கூட்டத்தில் கேட்டுப் பார்த்தோம். பதினொரு பையன்கள் இருந்தார்கள். மூன்று பேர் கை தூக்கினார்கள், ஒருவர் பாதி தூக்கிவிட்டு இறக்கினார்.